'படகு முழுசா நம்மதுதானே?': வாடகைப் படகில் குடும்பச் சுற்றுலா கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி

திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் டூர் கிளம்புகிறது என்றால், முதல் வேலை வேன் புக் பண்ணுவதுதான். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அத்தை வீடு என்று ஆள் கணக்கு ஏறும். 12 சீட் வேனில் 15 பேர் அடங்குவார்கள். குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்வார்கள், ஒரு மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்வார். "வேன் முழுசா நம்மதுதானே, யாரு கேக்கப் போறா" என்பதுதான் சமாதானம். வழியில் சீரக சம்பா பிரியாணி அண்டாவுக்கும் ஓர் இடம் கிடைத்துவிடும்.

இதே குடும்பம் இப்போது படகையும் முழுசாக வாடகைக்கு எடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஆலப்புழையில் ஹவுஸ் போட், கொச்சியிலோ கோவாவிலோ மாலை நேரப் பாய்மரப் படகு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பத்துக்குத் தாய்லாந்தின் பூக்கெட்டில் கேட்டமரான். ரீல்ஸில் வெள்ளைப் பாயும் நீலக் கடலும் பார்த்த கல்லூரிப் பெண் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வீடியோவைப் போட, "நல்லாருக்கே, எவ்வளவு ஆகும்?" என்று மாமா கேட்க, பேச்சு சூடுபிடிக்கும். ஏசி உண்டா, சாப்பாடு உண்டா, ஸ்பீக்கர் வைக்கலாமா, பேரம் பேசினால் குறையுமா என்று கேள்விகள் வரிசை கட்டும். இந்தப் படகில் எத்தனை பேர் ஏற அனுமதி என்ற கேள்வி மட்டும் கடைசி வரை வராது. வந்தாலும், "அதெல்லாம் பாத்துக்கலாம்ப்பா" என்று ஒருவர் முடித்து வைப்பார்.

வேனுக்குப் பழகிய கணக்கைப் படகுக்கும் போடுவதுதான் இங்கே சிக்கல்.

தண்ணீர் பார்க்காத ஊரா?

திண்டுக்கல் சமவெளிக்குக் கடல் தூரம். ராமேஸ்வரமோ தூத்துக்குடியோ போய்ச் சேர ரோட்டில் பல மணி நேரம் ஆகும். குடகனாற்றில் தண்ணீர் ஓடினால் அதுவே செய்தி. ஆத்தூர் காமராஜர் அணை நிரம்பினால் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போகிற ஊர் இது. ஆனால் இதே மாவட்டத்தின் மலை உச்சியில், மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் கரை கட்டி உருவாக்கிய கொடைக்கானல் ஏரி இருக்கிறது. படகு என்றால் பெரும்பாலான திண்டுக்கல்காரர்களுக்கு முதல் அனுபவம் அந்த ஏரியில் மிதித்த மிதி படகுதான். கரை எந்தப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் அசையாது, அரை மணியில் இறங்கிவிடலாம். அந்த நினைப்போடு கடலிலோ பெரிய காயலிலோ படகு ஏறுகிறவர்களிடம் பயம் இருப்பதில்லை. நீச்சல் தெரிந்தவர்களும் கிணற்றில் பழகியவர்கள். கிணற்றில் அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை.

வாடகை என்றால் எந்த வாடகை?

பாய்மரப் படகு வாடகை என்று பொதுவாகச் சொல்லிவிட்டாலும், அதில் இரண்டு மூன்று வகை உண்டு. கிரீஸ், குரோஷியா போன்ற மத்திய தரைக்கடல் நாடுகளில் படகை மட்டும் சாவி கொடுப்பதுபோலக் கொடுத்துவிடுவார்கள், ஓட்ட வேண்டியது எடுப்பவர் பொறுப்பு. செல்ஃப் டிரைவ் கார் மாதிரி. ஆனால் கார் லைசென்ஸ் செல்லாது. படகு ஓட்டுவதற்கான சான்றிதழ் கேட்பார்கள், டெபாசிட்டாக ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள். இரண்டாவது வகை, ஸ்கிப்பர் எனப்படும் படகோட்டியோடு எடுப்பது. மூன்றாவது, சமையல்காரர், உதவியாளர் என முழுப் பணியாளர்களோடு வருவது. ஆலப்புழை ஹவுஸ் போட் இந்த மூன்றாவது ரகம்.

இந்தியாவிலிருந்து போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ஸ்கிப்பரோடுதான் எடுக்க முடியும். இங்கே ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கிறது. நாலு அறை, எட்டுப் படுக்கை என்று விளம்பரத்தில் பார்த்து எட்டுப் பேர் கிளம்பினால், அதில் ஒரு படுக்கை ஸ்கிப்பருக்குப் போய்விடும். அவருடைய சாப்பாடும் வாடகைக்கு எடுத்தவர் கணக்கில்தான் வரும். எரிபொருள், துறைமுகக் கட்டணம், சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் பல நேரங்களில் தனி. விளம்பரத்தில் தெரிகிற தொகை ஆரம்பத் தொகை மட்டுமே.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணப் பாய்மரச் சுற்றுலாப் படகு மணிக்கு 5 முதல் 8 நாட் வேகத்தில் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். அதாவது மணிக்கு 9 முதல் 15 கிலோமீட்டர், சைக்கிள் வேகம். காலையில் ஒரு தீவு, மதியம் இன்னொரு தீவு, சாயங்காலம் ஷாப்பிங் என்று வேன் டூர் மாதிரி திட்டம் போட்டால் ஸ்கிப்பர் சிரிப்பார்.

கேட்டமரான் என்ற சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து போனது என்பது பலருக்கும் தெரிந்த பெருமை. ஆனால் கட்டைகளைக் கயிற்றால் கட்டிய நம் கடற்கரைக் கட்டுமரமும், இரண்டு தனித்தனி அடிப்பாகங்களுக்கு நடுவே மேடை போட்ட இன்றைய சொகுசுப் படகும் வேறு வேறு. பேர் மட்டும் கடல் தாண்டிப் போய், சோபா போட்டுத் திரும்பி வந்திருக்கிறது.

ஹவுஸ் போட்டிலும் எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் இடைவெளி உண்டு. மதியம் ஏறினால் மறுநாள் காலை 9 மணிவாக்கில் இறக்கி விடுவார்கள். மாலை ஐந்தரை வாக்கில் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள், ராத்திரி காயலில் மீனவர்கள் வலை போடுகிற நேரம் என்பதால். பல பேக்கேஜ்களில் ஏசி படுக்கையறையில் மட்டும், அதுவும் ராத்திரி மட்டும். "ராத்திரி பூரா ஓடுற படகுன்னு நெனச்சோமே" என்று பிறகு குறைப்படுவதைவிட முன்பணம் கட்டும்போதே கேட்டுவிடலாம்.

தலைக்கு 375 ரூபாய்

ஒரு படகை ஒரு மணி நேரத்துக்கு 10,000 ரூபாய்க்குப் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுமதி 10 பேருக்கு. தலைக்கு ஆயிரம். "இன்னும் ஆறு பேரு கூட வந்தா தலைக்கு 625 தான ஆகும்" என்று கணக்கில் கெட்டிக்கார மச்சான் ஒருவர் சொல்வார். தலைக்கு 375 ரூபாய் மிச்சம். அந்த நிமிடத்தில் அதிகச் சுமை ஏற்றியவர் படகுக்காரர் இல்லை, வாடகைக்கு எடுத்த குடும்பம்.

டிக்கெட் போட்டு ஏற்றும் பொதுப் படகில், கூட்டத்தை அடைத்தால் லாபம் படகுக்காரருக்கு. பயணிகள் திட்டவாவது செய்வார்கள். முழுப் படகு வாடகையில் லாபம் பயணிகளுக்கே போகிறது, அதனால் கேள்வி கேட்க ஆளே இல்லை. படகுக்காரர் தயங்கினாலும், "எல்லாம் எங்க சொந்தக்காரங்கதாம்ப்பா, சின்னப் புள்ளைங்க, என்ன எடை இருக்கப் போவுது" என்று அவரை வற்புறுத்துவது குடும்பம்தான். விபத்து நடந்தால் எல்லோரும் படகுக்காரரையும் அதிகாரிகளையும் மட்டும் கேட்பார்கள். அவர்களைக் கேட்க வேண்டியதுதான். ஆனால் 'வாடகைக்கு எடுத்தவர்' என்ற ஒரு தரப்பு அந்தப் பேச்சில் வருவதே இல்லை.

பயணிகள் கப்பல்களின் நிலைத்தன்மையைக் கணக்கிடும்போது உலக அளவில் ஓர் ஆளுக்கு 75 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆறு பேர் கூடினால் 450 கிலோ. வேனில் அது டயரை அமுக்கும், அவ்வளவுதான். படகில் அந்த எடை எங்கே உட்கார்கிறது என்பதுதான் விஷயம். கீழே இருந்தால் படகு கொஞ்சம் ஆழமாகப் போகும். மேல் தளத்தில், அதுவும் ஒரே பக்கமாக செல்ஃபி எடுக்க நின்றால், கூரை மேல் ஆள் ஏற்றிய பஸ் வளைவில் சாய்கிற மாதிரிதான். ஒற்றை அடிப்பாகம் கொண்ட பாய்மரப் படகுகளின் அடியில் மீனின் துடுப்பு மாதிரி இறங்கியிருக்கும் பகுதியில் ஈயமோ இரும்போ வைத்துக் கனமாக்கியிருப்பார்கள். காற்றில் சாய்ந்தாலும் அது இழுத்து நிமிர்த்தும். அந்தப் படகு சாய்வது இயல்பு, அதற்காகவே கட்டியது. மேல் தளம் போட்டு ஒப்பேற்றிய சுற்றுலாப் படகுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அது சாயத் தொடங்கினால் ஆட்கள் பயந்து எதிர்ப் பக்கம் ஓடுவார்கள், அதுவே அடுத்த சாய்வு.

மறந்துபோன மூன்று தேதிகள்

2009 செப்டம்பர் 30. தேக்கடி. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு, தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறினால் வந்துவிடுகிற, இந்தப் பக்கத்து மக்களுக்கு ரொம்பப் பழகிய இடம். கேரள அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமான 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளப் படகு பெரியாறு ஏரியில் கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் பலர். கரையில் தெரிந்த காட்டு விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாக அப்போது சொன்னார்கள். சுற்றுலா போனவர்கள் விலங்கைப் பார்க்கத்தான் திரும்புவார்கள், அதற்குத்தானே டிக்கெட் எடுத்தார்கள்? அப்படித் திரும்பினால் கவிழ்கிற படகை எப்படி ஓட விட்டார்கள் என்பதே அன்றைக்கு எழுந்த, இன்றைக்கும் பொருந்துகிற கேள்வி. அது அந்த வருடம்தான் ஓடத் தொடங்கிய புதுப் படகு. அரசுப் படகு, புதுப் படகு என்பதெல்லாம் பாதுகாப்புச் சான்று இல்லை.

2011 டிசம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ். திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு. உறவினர்கள் ஒன்றாகச் சேர்ந்து பிக்னிக் வந்து, ஒரு மீன்பிடிப் படகைப் பேசி ஏறினார்கள். 22 பேர் திரும்பவில்லை. லைஃப் ஜாக்கெட் இல்லை. குடும்பமாகப் படகை வாடகைக்கு எடுத்தால் என்ன நடக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே இதைவிட நேரான உதாரணம் கிடையாது. ஒரே வீட்டில் வரிசையாக உடல்கள் வந்து சேர்ந்த செய்தி அன்றைக்கு மாநிலத்தையே உலுக்கியது. இப்போது அந்த ஊர்ப் பேரைத் தேடினால் முதலில் வருவது பூநாரைப் படங்கள்.

2023 மே 7. மலப்புரம் மாவட்டம் தானூர். இருட்டிய பிறகு, அனுமதிக்கு மேல் ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களில் 11 பேர் ஒரே குடும்பம். மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிச் சுற்றுலாப் படகாக ஓட்டினார்கள் என்பது விசாரணையில் வந்த முக்கியமான குற்றச்சாட்டு.

பணக்காரப் படகு என்றால் பிரச்சினை இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 ஆகஸ்ட் 19 விடியற்காலையில் இத்தாலியின் சிசிலிக் கரையில் நங்கூரமிட்டு நின்ற 'பேயீசியன்' என்ற 56 மீட்டர் நீளச் சொகுசுப் பாய்மரப் படகு புயற்காற்றில் சில நிமிடங்களில் மூழ்கியது. பிரிட்டன் தொழிலதிபர் மைக் லிஞ்ச், அவருடைய மகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அதில் இருந்தவர்களுக்குப் பணமோ பயிற்சி பெற்ற மாலுமிகளோ குறைவில்லை.

சட்டம் இருக்கிறது, பலகை எங்கே?

1917-ம் வருடத்துப் பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டு நீர்வழிக் கலன்கள் சட்டம் 2021-ல் வந்தது. ஆறு, ஏரி, காயலில் ஓடும் இயந்திரப் படகுக்குப் பதிவு, தகுதி ஆய்வுச் சான்றிதழ், காப்பீடு, பயிற்சி பெற்ற பணியாளர்கள், உயிர்காக்கும் கருவிகள் எல்லாம் வேண்டும் என்று அது சொல்கிறது. கடலுக்குள் போகும் படகுக்கு வேறு சட்டம், வேறு அனுமதி. காயலில் ஓட அனுமதி வாங்கிய படகு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகக் கூடாது. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகில் காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. "அண்ணே, நம்ம போட்லயே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துரலாம்" என்று கடற்கரையில் யாராவது கூப்பிட்டால் அதை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். அவர் கடலை நன்றாக அறிந்தவராகவே இருப்பார். அவருடைய படகு மீனுக்குக் கட்டியது.

சட்டம் இவ்வளவு சொல்லியும், படகுத்துறையில் நிற்கிற பயணிக்கு அது கண்ணில் படுவதில்லை. தென் தமிழ்நாட்டிலிருந்து இத்தனை குடும்பங்கள் போகிற இடங்களில், 'இந்தப் படகில் இத்தனை பேர் மட்டும்' என்று தமிழிலும் பெரிதாக ஒரு பலகை வைக்க என்ன செலவாகிவிடும்? அந்த எண் ஏறுகிற பலகைக்குப் பக்கத்தில், குழந்தைகூடப் படிக்கிற உயரத்தில் இருக்க வேண்டும். ஊரில் டூர் நடத்துகிறவர்களுக்கும் வேன் டிரைவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. படகை யார் பிடித்துக் கொடுத்தாரோ அவருக்குக் கமிஷன் என்பது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கமிஷன் வாங்கட்டும், பதிவு எண்ணையும் ஆள் கணக்கையும் முதல் நாளே வாங்கித் தரட்டும்.

மூத்தவர் ஒருவர் கேட்டால் போதும்

குடும்ப டூரில் எப்போதும் கணக்குப் பார்க்க ஒருவர் இருப்பார். டோல் கட்டணம், டீ செலவு எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். படகுக் கேள்விகளையும் அவரிடமே விடலாம். படகின் பதிவு எண் என்ன, ஆய்வுச் சான்றிதழ் எந்தத் தேதி வரை, எத்தனை பேருக்கு அனுமதி. இதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொன்னால், ஒழுங்கான படகுக்காரர் அனுப்புவார். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கையா வாங்க" என்று பதில் வந்தால் அதுவே பதில்.

மடியில் இருக்கிற குழந்தையும் ஓர் ஆள்தான் என்பதைக் கிளம்பும் முன் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். 14 பேர் என்றால் 14 பேருக்கான படகு, இல்லையென்றால் இரண்டு படகு. துறையில் நின்றுகொண்டு "பெரியம்மா, நீங்க கரையிலயே இருங்க" என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லவும் மாட்டார்கள், எல்லோருமாக ஏறிவிடுவார்கள்.

லைஃப் ஜாக்கெட் படகில் இருக்கிறதா என்று கேட்பது பாதிக் கேள்வி. சீட்டுக்கு அடியில் கட்டி வைத்த ஜாக்கெட் கவிழும் நேரத்தில் யாருக்கும் உதவாது. எத்தனை கிலோ எடைக்கானது என்று அதன் லேபிளில் போட்டிருக்கும். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் குழந்தை கீழேயும் ஜாக்கெட் மேலேயும் போய்விடும். குழந்தை அளவு இல்லை என்றால் அந்தப் படகு அந்தக் குடும்பத்துக்கு இல்லை. பட்டுப்புடவை கசங்குகிறது, போட்டோ நன்றாக வராது என்ற பேச்சும் வரும். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு எடுத்த போட்டோவுக்கும் லைக் விழத்தான் செய்கிறது.

பிரியாணியை இறங்கின பிறகு வைத்துக்கொள்வது நல்லது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முதல் தடவை கடலில் ஆடினால் பாதிப் பேர் படகின் ஓரத்தில்தான் நிற்பார்கள், அதுவும் ஒரே ஓரத்தில். வாந்தி மாத்திரை ஏறும் முன்பே போட்டால்தான் வேலை செய்யும். டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, குடித்தவரை மேல் தளத்துக்கு விடாமல் இருந்தாலே பாதி ஆபத்து குறையும். கடலில் ஏதாவது என்றால் இந்தியக் கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554. போனில் பதிந்துவைக்க அரை நிமிடம் ஆகாது.

கடைசியாக வானிலை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. சிக்கல் அதற்கும் முந்திய நிலைமையில்தான். லேசாகக் காற்று, வானம் மூட்டம், படகுக்காரர் தலையைச் சொறிகிறார். ராத்திரி முழுக்க வேனில் வந்த குடும்பம் துறையில் நிற்கிறது. "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு அரை மணி நேரமாவது கூட்டிட்டுப் போங்க தம்பி" என்று யாரோ கெஞ்ச, அவர் சாவியை எடுக்கிறார். வானிலை சரியில்லை என்று படகு ஓட்டாவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்புமா, அல்லது வேறு தேதி கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருந்தால், அந்தக் கெஞ்சலுக்கும் தேவை இருக்காது, அவருக்கும் அன்றைய கூலி போகிறதே என்ற யோசனை இருக்காது. ஆலப்புழைத் துறையில் ஒரு டீ குடித்துவிட்டு, வேனைத் திருப்பிக் குமுளி வழியாக ஊருக்குக் கிளம்பலாம். மறுபடி எப்போது வருவது என்பதை வழியிலேயே பேசிக்கொள்ளலாம்.